நைனா துடைத்த கம்ப்யூட்டர்

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் நைனாவுக்குத் துடைக்க மிஷின் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் லேத் ஓட்டிய கம்பெனி விம்கோ நகர் பக்கம் இருந்தது. கோடையிலேயே அதன் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள், எதிரே பந்தல் போட்டுக் கொஞ்ச நாள் கோஷம் போட்டார்கள், அப்புறம் பந்தல்காரன் வந்து பந்தலையும் பிரித்துக்கொண்டு போனான். செட்டில்மெண்ட் வந்ததும் நைனா செய்த முதல் காரியம் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியதுதான். அம்மா அதற்காக ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அக்கா பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். காலேஜுக்கே வந்து ஆள் எடுத்த ஆபீஸ்காரர்கள் அவளையும் எடுத்திருந்தார்கள். பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை அவள் பிராஜெக்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் பரீட்சை, பரீட்சை பாஸானால்தான் வேலை. நாலு பேருடைய சோறு அந்தத் திங்கட்கிழமையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது பத்து வயசான எனக்கே தெரியும். அம்மா அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை போன பிறகும் எங்கள் தெருவில் நைனாவின் மவுசு குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின், தண்ணி மோட்டார் எது மக்கர் பண்ணினாலும், “மிஷின்காரரு கீறாரா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். காசு வாங்க மாட்டார். எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஓடவிட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். மற்றபடி அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு.

கம்பெனி நடந்த காலத்தில் ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே போகலாம். மெஷின் ஷாப்பில் ஒவ்வொருவரும் அவரவர் மிஷினைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டிருப்பார்கள். நைனா எனக்கும் ஒரு பிடி பனியன் வேஸ்ட் துணி கொடுத்து, கிருஷ்ணாயிலில் தோய்த்துத் துடைக்கச் சொல்வார். பழைய கிரீஸ் ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாது என்பது அவர் கட்டளை. நான் துடைத்த இடத்தில் என் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெரிந்தால் முதல் பிடி பொரி எனக்கு.

அந்த வருஷம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரைத் துடைக்கலாம் என்றார். அக்கா ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். மணலிப் பக்கத்துப் புகையும், நெடுஞ்சாலையில் ராப்பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகளின் புழுதியும் சேர்ந்து எங்கள் வீட்டில் எதன்மேல் விரலை வைத்தாலும் கறுப்பாக வரும். நைனா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே கறுப்புப் பஞ்சு மாதிரித் தூசி. நடுவில் ஒரு சின்ன ஃபேன், அதற்குக் கீழே சீப்பு சீப்பாக ஒரு அலுமினியக் கட்டை. கிளிப்பை நெம்பி ரெண்டையும் எடுத்துப் பேப்பர்மேல் வைத்தார்.

“தூசிய மட்டும் ஊது பாப்பா. அடியில வெள்ளையா இன்னாவோ தடவி வெச்சிக்கீறான் பாரு, அதத் தொடாத. நமக்குத் தெரியாத எடத்துல கை வெக்கக் கூடாது” என்றார்.

அப்போதுதான் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார். ரெண்டு பேரும் பூஜை இல்லாத பூஜை நாளைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் அலுமினியக் கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்துபோன பேஸ்ட் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. கீழே பலகையில் இருந்த ‘சிப்’ என்கிற சதுரச் சில்லின் மேலும் அதே கலீஜ். தொடாதே என்றுதான் சொன்னார், வாஸ்தவம். ஆனால் ஆயுத பூஜையன்று பழைய கிரீஸ் இருக்கலாமா? அவர் திரும்பி வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று கிருஷ்ணாயிலைத் தொட்டு ரெண்டு பக்கமும் தேய்த்தேன். என் முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன்.

நைனா குனிந்து பார்க்கவில்லை. ராகு காலம் வருகிறது என்று அம்மா உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்ததால், வந்த வேகத்தில் கட்டையை எடுத்து அதன் இடத்தில் வைத்துக் கிளிப்பைப் போட்டு மூடிவிட்டார். சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். எனக்குப் பெரிய ஏமாற்றம். முதல் பிடி பொரியும் அம்மன் படத்துக்கே போய்விட்டது.

மறுநாள் காலையில் அக்கா உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள். மூணு நிமிஷத்தில் மறுபடி அணைந்தது. கரண்ட் சரியில்லை என்று அம்மா. பக்கத்து வீட்டுக் கண் என்றும் அம்மாவே. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அரை மணி நேரம் விட்டுப் போட்டால் ஓடும், அப்புறம் நிற்கும். அடித்ததை உடனுக்குடன் பிளாப்பியில் ஏற்றிக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கவில்லை.

நைனா பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சீப்புக் கட்டையின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டைக்குக் கீழே சில்லின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து வெடுக்கென்று கையை எடுத்தார்.

“கீய கொதிக்குது, மேல சில்லுனு கீது. சூடு மேல ஏறலம்மா. அதான் நின்னு நின்னு பூடுது.”

“நைனா, இது உன் கம்பெனி லேத் இல்ல. வைரஸ் வந்துகீது. நீ சும்மா இரேன்” என்றாள் அக்கா. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பயம்.

அன்று முழுக்க ஒரு டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராக வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் இன்னொரு பக்கம் விசிறியால் விசிறினேன். அஞ்சு நிமிஷம் கூடுதலாக ஓடியது, அவ்வளவுதான். நைனா அடுத்த அறையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தடவை எழுந்து வந்து, “சூடுதாம்மா” என்றார். அக்கா காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை கொருக்குப்பேட்டையிலிருந்து சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் ஓடும்போது ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். உடனே அணைத்து, அலுமினியக் கட்டையைக் கழற்றித் திருப்பினார். திருப்பியவர் சிரித்துவிட்டார்.

“இன்னா சார் இது, மொகம் பாத்து தல சீவிக்கலாம் போல கீது! இங்க வெள்ளையா பேஸ்ட்டு இருந்துச்சே, அது எங்க? கிருஷ்ணாயில் நாத்தம் வேற. அது இல்லேன்னா கீய இருக்குற சூடு மேல ஏறாது சார். கொஞ்ச நாள் இப்டியே வுட்டிருந்தா சிப்பு செத்துப் பூட்டிருக்கும்.”

நைனா சொன்னது அதே வார்த்தை. சூடு மேல ஏறல. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கிற நேரம் அது இல்லை. அக்கா நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். நைனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “நைனாதான் தொடச்சாரு. பூஜைக்கு.”

இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் கேட்கிறது. கொஞ்சம்கூடத் தடுமாறாத, நல்ல பிள்ளையின் குரல். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா. நான்தான்” என்றார்.

அக்கா கொட்டித் தீர்த்துவிட்டாள். வேற்று ஆள் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. “மிஷின் தெரியும், மிஷின் தெரியும்னு எத வேணா நோண்டுவியா? இன்னா தெரியும் ஒனக்கு? அந்தத் துருப்புடிச்ச லேத்த வுட்டா வேற இன்னா தெரியும்? என் வாழ்க்கையே போயிருக்கும் நைனா!” அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சர்வீஸ்காரர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு ஒரு சின்ன டியூபைப் பிதுக்கி, உளுந்தளவு வெள்ளைப் பசையைச் சில்லின்மேல் வைத்து, கட்டையை அழுத்திப் பூட்டினார். நைனா அதைக் கவனமாகப் பார்த்தார். எவ்வளவு வைக்கிறார், எப்படி அழுத்துகிறார் என்றெல்லாம் பார்த்தார்.

கம்ப்யூட்டர் அதன்பிறகு நிற்கவே இல்லை. அக்கா திங்கட்கிழமை பிராஜெக்டை ஒப்படைத்தாள், பாஸானாள், வேலைக்குப் போனாள். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். வீட்டில் நாலு பேர் கூடினால் அவள் இந்தக் கதையைச் சொல்வாள், இப்போது கோபமெல்லாம் போய் வெறும் சிரிப்பாக. கம்ப்யூட்டரைக் கிருஷ்ணாயில் போட்டுக் கழுவிய மனுஷன் எங்க நைனா என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். இருந்தவரைக்கும் நைனாவும் சிரித்தார். அவர் என் பக்கம் திரும்பாமல் சிரிப்பார். நான் சொல்லியிருக்கலாம், எத்தனையோ தடவை. சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

சர்வீஸ்காரர் வந்து போன அடுத்த வாரம் எதிர் வீட்டு அக்கா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நைனா அதை வாங்கவில்லை. “கடையில குடுத்துரும்மா. எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்” என்றார். அவர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் அதே பதில்தான். ஒரு மாசத்தில் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஸ்பேனர்களும் ஸ்குரூ டிரைவரும் ஒரு சாக்கில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போயின.

நைனாவின் சாயந்திரங்கள் எல்லாம் எனக்குக் கிடைத்தன. தினமும் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கருங்கல் தடுப்பின்மேல் உட்கார்ந்து, துறைமுகத்துக்குள் போக இடம் கிடைக்காமல் தூரத்தில் நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சுண்டல் தின்றுகொண்டே ஓயாமல் பேசுவேன். ஒரு நாள் கேட்டேன், “மிக்ஸி, மோட்டாரெல்லாம் நீ பாக்காம வுட்டது நல்லதாப் போச்சு, இல்ல நைனா? டெய்லி பீச்சுக்கு வர்றோம்.”

“ஆமா கண்ணு. நல்லதாப் போச்சு” என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன்.