ஊசிக்கும் ஒரு ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் பிள்ளையில்லாத பெண்களுக்கென்று ஓர் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முதல் வரிசைப் பாய். யாரும் சட்டம் போட்டு வைத்ததில்லை. ஆனால் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் வயிறு திறக்காவிட்டால், "முன்னாடி வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்து அங்கே உட்கார வைத்துவிடுவார்கள். போதகர் எண்ணெய் தொட்டு நெற்றியில் வைப்பார். பின்னால் இருக்கிற பிள்ளை பெற்ற மகராசிகள், கண்ணை மூடியதாகக் காட்டிக்கொண்டு, யார் வயிறு எப்படி இருக்கிறது என்று நோட்டம் விடுவார்கள். என் தங்கை அந்தப் பாயில் எட்டு வருஷம் உட்கார்ந்தாள்.

அரியலூர் தனி மாவட்டமாகி, அதுவும் வேண்டாமென்று பெரம்பலூரோடு மறுபடியும் சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. அவளுக்கு அக்காவான நான் அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையைப் பெரம்பலூரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர், அதிர்ந்து பேசாத மனிதர். அப்பா காலத்துச் சபை என்பதால் அவள் வாராவாரம் அரியலூருக்கே பஸ் ஏறி வருவாள். எனக்கு விசுவாசம் கொஞ்சம் மட்டுதான். அவளுக்கு அதுதான் மூச்சு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கோபம் ஆண்டவர் மேல் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு ஏஜெண்டு வேலை பார்த்தவர்களைத்தான் எனக்கு ஆகாது.

திருச்சியில் ஒரு பெண் டாக்டர் தங்கையைச் சோதித்துவிட்டு, கருக்குழாய் இரண்டும் அடைத்திருக்கிறது, கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைப்பதுதான் ஒரே வழி என்று சொல்லிவிட்டார். டெஸ்ட் டியூப் குழந்தை. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் நேரே போதகரிடம் போய், "ஐயா, ஜெபம் பண்ணி அனுப்புங்க" என்று நின்றாள்.

கேட்டது ஒரு ஜெபம். கிடைத்தது மூன்று ஞாயிறு பிரசங்கம். பெயர் சொல்லவில்லை என்பதைப் பெரிய நாகரிகமாக நினைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டே பேசினார். கர்ப்பத்தைத் திறப்பதும் அடைப்பதும் கர்த்தரின் அதிகாரமாம், கண்ணாடிக் கிண்ணத்தில் பிள்ளை செய்வது பைபிளில் கோபுரம் கட்டி வானத்தைத் தொடப் பார்த்தவர்களின் அகங்காரமாம். மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்து விவாதம் வேறு வைத்தார்கள். அதில் அதிகம் பேசியவர் சபைச் செயலாளர். ஓய்வுபெற்ற அதிகாரி, ஓய்வு பெற்றதை நம்பாதவர்.

"இயற்கைக்கு விரோதமா மனுசன் கை வெக்கலாமாங்கறேன்? கர்த்தரு அடச்சதைத் தொறக்க நாம யாரு?" என்றார்.

இப்படிக் கேட்ட மனிதரின் நெஞ்சைப் பிளந்து, காலில் இருந்து எடுத்த ரத்தக்குழாயை வைத்துத் தைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர் இதயத்தை அடைத்தது யாரோ, எனக்குத் தெரியாது. இரண்டு கண்ணிலும் லென்ஸ் வேறு. அந்தக் கண்ணால்தான் என் தங்கையை முறைத்துப் பார்த்தார்.

போதகர் கேட்டதில் ஒரே ஒரு கேள்வி உருப்படியானது. "நெறைய கரு உண்டாக்குவாங்களாமே, மீதியை என்ன பண்ணுவாங்க? அதுவும் உசுருதானே?" என்றார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, காணிக்கைப் பாட்டுக்குப் போய்விட்டார். ஆனால் என் தங்கைக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. டாக்டரிடம் போய், இரண்டு கருவுக்கு மேல் உருவாக்கவே வேண்டாம், உருவாகிற இரண்டையும் உள்ளே வைத்துவிடுங்கள், எதையும் உறைய வைக்கவோ கொட்டவோ கூடாது என்று சொன்னாள். வாய்ப்பு குறையும் என்று டாக்டர் எச்சரித்தார். "கொறஞ்சா கொறயட்டுங்க" என்றாள். விவாதத்தில் வாய் கிழியப் பேசியவர்களில் ஒருவர்கூடத் தன் கொள்கைக்காக ஒரு வேளைக் காபியை விட்டதில்லை. இவள் விட்டுக்கொடுக்கத் துணிந்தது தன் பிள்ளையை.

இரண்டு கரு வைத்தார்கள். ஒன்று தங்கியது.

வயிறு தெரிந்ததும் போதகர் பீடத்தில் ஏறி அறிவித்துவிட்டார். எட்டு வருஷ எண்ணெய் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததாம். எப்படி என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துபோகுமே! பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு வந்தவள் அரியலூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கப் போதகரும் செயலாளரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் தாய் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும்.

"சகோதரி, கர்த்தர் செஞ்சதை மட்டும் சொல்லுங்க. திருச்சி கிருச்சியெல்லாம் வேணாம். சொன்னா கமிட்டியில வெக்கணும், ஞானஸ்நானம் எப்பங்கறது என் கையில இல்ல" என்றார் போதகர். அப்படியென்றால் அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

செயலாளர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே தன் பெருமையைச் சொன்னார். "எங்க மருமவளை இனிமே தஞ்சாவூரு ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாம்னு நிறுத்திட்டேன். ஒங்களுக்குச் செஞ்சவரு எங்களுக்குச் செய்ய மாட்டாரா?"

அவர் மருமகள் குன்னம் பக்கத்துப் பெண். முதல் வரிசைப் பாயில் என் தங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவள்; தங்கை எழுந்த பிறகு அந்தப் பாயில் மிச்சம் இவள் ஒருத்திதான். ஊருக்கு உபதேசம் செய்துகொண்டே அவளுக்குத் தஞ்சாவூரில் ரகசியமாக வைத்தியம் பார்த்து வந்ததையும், இப்போது அதை நிறுத்தியதையும் அவர் வாயால்தான் தெரிந்துகொண்டோம்.

அவர்கள் போனதும் தங்கை அழ ஆரம்பித்தாள். "அக்கா, அவளுக்கு வயசு ஓடுதுக்கா. என்னைப் பாத்துல்ல நிறுத்திப்புட்டாங்க."

"இந்த ஆளுங்களுக்கு உண்மை ஒரு கேடா? அவுங்க கேக்குறதைச் சொல்லிட்டுப் புள்ளைக்கு ஞானஸ்நானத்தை முடி. அவகிட்ட தனியா சொல்லிக்கலாம்" என்றேன்.

"அவ நம்பி என்னக்கா பண்றது? அவ மாமனாருல்ல நம்பணும்."

அவளுக்கு அந்த ஞானஸ்நானம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். எனக்கு அது தண்ணீர். அவளுக்கு, பிள்ளையை ஆண்டவர் கையில் கொடுப்பது. அதைத்தான் அவள் பணயம் வைக்கப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள். எங்கள் சபையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாட்சி சொல்கிறவர் எந்த இடத்தில் மூச்சு விட்டாலும் சபை "ஸ்தோத்திரம்!" என்று சொல்லும். காது கேட்டுச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லும். அதில் முதல் குரல் எப்போதும் செயலாளருடையது.

"பத்து வருசத்துக்கு மேல புள்ள இல்லாம இருந்தேன்."

"ஸ்தோத்திரம்!"

"கருக்குழாய் அடச்சிருக்குன்னு திருச்சியில சொன்னாங்க."

"ஸ்தோத்திரம்!"

"தெனம் வயித்துல ஊசி போட்டாங்க."

"ஸ்தோத்திரம்!"

"எம்புள்ள கண்ணாடிக் கிண்ணத்துலதான் உண்டாச்சு."

"ஸ்தோத்திரம்!" செயலாளரின் குரல் கூரையைத் தொட்டது. சொன்ன பிறகுதான் அவர் வாய் மூட மறந்து நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. "ரெண்டு கரு வெச்சாங்க. ஒண்ணு நிக்கல. அதுவும் எம்புள்ளதான். அதைக் கர்த்தர் பாத்துக்குவாரு." குரல் உடைந்தது. என் சிரிப்பும் போய்விட்டது.

பெண்கள் பக்கமிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றது. செயலாளரின் மருமகள்.

போதகர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் தரையைப் பார்த்தார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லி ஏற்றுக்கொண்டதைக் கமிட்டியில் வைத்து எப்படித் திருப்பி வாங்குவது? "பிள்ளையைக் கொண்டு வாங்க" என்றார் போதகர். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அவருக்கு வேறு வழி இல்லை. தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. தங்கை கண்ணை மூடி நின்றாள். அந்த முகத்துக்காக அந்த மனிதரை அரை நிமிஷம் மன்னித்தேன். அரை நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை.

வெளியே மரத்தடியில் டீ கொடுத்தார்கள். செயலாளர் அதற்குள் சமாளித்துக்கொண்டு, "கர்த்தரு டாக்டர் கையாலயும் செய்வாருன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். மருமகள் அவரைத் தாண்டி வந்து குழந்தையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தாமல், மாமனார் காதில் விழும்படியே கேட்டாள்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரிக்கு என்னைக்கிப் போனா அந்த டாக்டரைப் பாக்கலாம்?"

"வெள்ளிக்கிழமை" என்றாள் என் தங்கை. "நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்த வெள்ளிக்கிழமை போதகர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது முதல் வரிசைப் பாய் காலியாகக் கிடந்தது.