வெளிப்பக்கக் கொண்டி

என் மேசை இழுப்பறையில் பல ஆண்டுகளாக ஓர் இரும்புக் கொண்டி கிடக்கிறது. உள்ளங்கை நீளம். திருகாணித் துளைகள் நான்கு, திருகாணிகள் மூன்று. நான்காவது எங்கே விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் மூன்றுதானா என்று மறுபடி பார்ப்பேன். தொழிற்சாலை ஸ்டோரில் சரக்குச் சரிபார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது. எதையும் எண்ணாமல் விட எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கொண்டியைத் தொடும்போது மட்டும் மூன்று வரை எண்ணி முடிப்பதற்குள் கை வியர்த்துவிடுகிறது.

அது நாங்கள் பிழைக்க வந்த மராத்தி ஊரில், விஷ்ராந்த்வாடிப் பகுதியில், எங்கள் தமிழர் சமூகக் கூடத்தின் மாடிக் கதவில் இருந்தது. கீழே விழாக் கூடம், மேலே சாப்பாட்டுக் கூடம், அதை ஒட்டிச் சமையலறை. மாடிக்கு ஒரே படிக்கட்டு, ஒரே கதவு. ஜன்னல்கள் ஆறு, ஆறுக்கும் கம்பி, கம்பிக்கு மேல் புறா வலை. அக்கம்பக்கத்தில் ‘மதராசி ஹால்’ என்பார்கள். அப்படிச் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். கமிட்டியில் பதினோரு பேர் இருந்தோம் என்றாலும் கூடத்தை நடத்தியவர்கள் இரண்டே பேர். ஒருவர் செயலாளர், வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் சமையல் பொறுப்பை ஏற்றிருந்த அக்கா. என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் எல்லோருக்கும் அவர் அக்கா. மற்ற ஒன்பது பேரும் நாற்காலி போட, எடுக்க, அபிப்பிராயம் சொல்ல.

செயலாளரால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியாது. பந்தியில் இருப்பவர் ரசத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த பந்திக்காரர் வந்து அவருடைய நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அது. “சாப்பிடறவன் கழுத்துல மூச்சு வுட்டுக்குனு நிக்கிறது இன்னா மரியாதை சார்?” என்பார். ஒருநாள் கதவின் வெளிப்பக்கம் இந்தக் கொண்டியைப் பொருத்தினார். முதல் பந்தி உட்கார்ந்ததும் கொண்டி விழும். மோர் சாதம் முடிந்த பிறகே எழும். அதுவரை அவர் கதவில் முதுகைச் சாய்த்து வெளியே நிற்பார். அவருக்கு எதிரே படி முழுக்க அடுத்த பந்தி. குழந்தைகள் அவர் இடுப்பைச் சுற்றிக் கைநீட்டிக் கதவில் தாளம் போடுவார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். “அக்கா, சாம்பார்ல தண்ணி ஊத்த ஆரம்பிச்சாச்சா?” என்று யாராவது கத்துவார்கள். “உனக்குன்னு தனியா ஊத்தறேன், வா” என்று உள்ளேயிருந்து பதில் வரும். அந்தத் தட்டல் இல்லாமல் எங்களுக்குப் பொங்கல் விழா இல்லை என்று ஆகிவிட்டது. கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது, ஆட்கள் நிற்பதும் அதே பக்கம்; எண்ணுவதே தொழிலான நான்கூட இதை யோசிக்கவில்லை.

அந்தப் பொங்கலன்று முதல் பந்தியில் என்னையும் சேர்த்து எண்பது பேர். நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் மனைவி சமையலறையை ஒட்டிய கடைசி வரிசையில். ரசம் வந்துகொண்டிருந்தபோது ரப்பர் கருகும் வாடை அடித்தது. அக்கா சமையலறை வாசலுக்கு வந்து, “எல்லாரும் எழுந்திருங்க” என்றார். எப்போதும் ஓங்கிப் பேசுகிறவர் அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். காஸ் குழாயில் தீ. கரும்புகை வாசலின் மேற்சட்டத்தை உரசிக்கொண்டு வெளியே வந்து, கூரையோடு எங்களை நோக்கி நகர்ந்தது. கதவுக்கு ஓடி இரண்டு கையாலும் அறைந்தோம். வெளியிலிருந்து பதிலுக்குத் தட்டினார்கள், தாளத்தோடு. சிரிப்பும் கேட்டது.

எச்சில் கையோடு செல்போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டேன். மணி கதவுக்கு அந்தப் புறம், என் மார்புக்கு ஒரு முழம் தள்ளி ஒலித்தது. “பாயசமே வர்ல, அதுக்குள்ள இன்னா சார் அவசரம்?” என்றார். “புகை” என்றேன். அதற்கு மேல் இருமல்தான் வந்தது. கொண்டி எழும் சத்தம் கேட்டது. கதவு இரண்டு விரல் அகலம் நகர்ந்து நின்றுவிட்டது. கீழ்ப்படியில் நிற்பவர் இறங்காமல் மேல்படியில் நிற்பவர் அசைய முடியாது. கீழே நிற்பவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. “பீச்சே ஹட்டோ, நீச்சே உத்ரோ” என்று, பின்னால் நகர்ந்து கீழே இறங்கும்படி, செயலாளர் இந்தியில் ஒரு குரல் கொடுத்தார். அந்தப் பரேடு மைதானக் குரலை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. இடைவெளி வழியாக அவருடைய ஒரு கண் தெரிந்தது. என் பயத்தைவிட அந்தக் கண்ணில் இருந்த பயம் பெரியது.

கதவு திறந்ததும் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் விட்டது. அங்கே நின்று முதல் பந்திக்காரர்களை எண்ணினேன். என்னையும் சேர்த்து எழுபத்தொன்பது. மறுபடி எண்ணினேன், அதேதான். இல்லாதது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். மேலே ஓடினார். நான் அங்கேயே நின்று மூன்றாம் முறை எண்ணினேன். மேலே புறா வலை வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்து மராத்தி அம்மாள் சங்கராந்தி எள்ளுருண்டைத் தட்டோடு கேட்டில் நின்று, “காய் ஜாலா, காகா?” என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதற்கு நான் மாடி ஜன்னலைக் காட்டினேன்.

பிறகு இறங்கி வந்தார்கள். முதலில் அக்கா, முழங்கை வரை கரி. ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அமுக்கி, சிலிண்டரை மூடிவிட்டிருந்தார். அவருக்குச் சாக்கை நனைத்து நனைத்துக் கொடுத்தவள் அடுத்து வந்தாள், என் மனைவி. கடைசியில் செயலாளர், இருவரும் விழுந்தால் தாங்கத் தயாரானவர் போல இரண்டு கைகளையும் விரித்தபடி. “எண்பது” என்றேன். “நான் என்ன உங்க ஸ்டோர்ல இருக்கிற நட்டா, போல்ட்டா?” என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். மாடி வாசலில் கதவே இல்லை. கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அதிலிருந்து கொண்டியைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். “எங்க வூட்ல வச்சா எனக்குத் தூக்கம் வராது சார். நீங்க வச்சுக்குங்க” என்று என் கையில் வைத்தார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பந்தி நடக்கும்போதெல்லாம் வெற்று வாசலின் நிலையில் முதுகைச் சாய்த்து நிற்பார். அடுத்த பந்திக்காரர்கள் அவரைத் தாண்டி உள்ளே போய் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்; தடுக்கமாட்டார். அக்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் திணிப்பார். நின்றபடியே சாப்பிடுவார், கண்ணைச் சமையலறையிலிருந்து எடுக்காமல்.

செயலாளர் இப்போது இல்லை. அக்கா அதே ஊரில் ஔந்துப் பக்கம் மகனோடு இருக்கிறார். முழங்கால் வலி, படி ஏறுவதில்லை. கூடத்தைப் புதிய கமிட்டி நடத்துகிறது. தலைவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, நல்ல மனிதர். மாடிக்கு ஏசி போட்டார். ஏசி போட்டதால் கதவும் போட்டார்; கண்ணாடிக் கதவு, காந்தப் பூட்டு. “கரண்ட் போனா தானா தொறந்துக்குமுங்க அங்கிள், பயப்படாதீங்க” என்றார். “கரண்ட் போகலேன்னா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “உங்களுக்குன்னே ஒரு கார்டு தர்றனுங்க, காட்டினா தொறக்கும்” என்றார். கொடுத்தும்விட்டார். அது சட்டைப்பையில் இருக்கிறதா என்று ஒரு நாளில் எத்தனை முறை தொட்டுப் பார்க்கிறேன் என்பதை மட்டும் நான் எண்ணுவதில்லை.

இந்தப் பொங்கல் விழாவுக்குப் போகும்போது இழுப்பறையிலிருந்து கொண்டியையும் எடுத்துக்கொண்டேன். முதல் பந்தி உட்கார்ந்ததும் கண்ணாடிக் கதவு தானாக மூட வந்தது. குனிந்து அதன் அடியில் கொண்டியைச் செருகினேன். கதவு இடித்து நின்றது. குளிர் வெளியே போகிறது என்று யாரோ முணுமுணுத்தார். தலைவர் வந்து குனிந்து பார்த்தார். “என்னங்க அங்கிள் இது?”

“கொண்டி.”

“அது கதவை மூடறதுக்குத்தானுங்களே?”

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, “சரிங்க, இந்தப் பந்திக்கு மட்டும்” என்று உள்ளே போனார். மனைவி கடைசி வரிசையிலிருந்து பக்கத்து நாற்காலியைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். தலையாட்டினேன், போகவில்லை. நிலையில் முதுகைச் சாய்த்து நின்றேன். படியில் குழந்தைகள் தட்ட ஆரம்பித்தார்கள், திறந்திருந்த கண்ணாடியில், உள்ளங்கையால். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பேர். சமையலறை வாசலைப் பார்த்தபடி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.