வேலிக்கு வெளியே

கல்லறைத் தோட்டத்தின் முள்வேலிக்குள் நான் முதல் வெட்டு வெட்டியதும் உபதேசியார் வந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார். "இங்க வேணாம்பா. வெளியே தோண்டு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திண்டிவனத்துக்குப் பக்கத்துச் சேரியொன்றில் வாந்திபேதி பரவியிருந்த சமயம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், விழுப்புரம் ஜங்ஷனில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கி, அதிலும் நிலைக்காமல் நடந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். குழி வெட்டினால் கூழ் கிடைத்தது. சேரிச் சபைக்கு வேதம் சொல்லும் உபதேசியார் காலையில் வீட்டு வாசல்களில் நின்று, கர்த்தரை அண்டியவன் வீட்டை வாதை நெருங்காது என்னும் வேதச் சங்கீதத்தை வாசிப்பார். மாலையில் குழியருகே நின்று, நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில்தான் தொடங்கும் என்பதை வாசிப்பார். ஒரே வேதம், ஒரே நாள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்க எனக்குப் படிப்பு போதாது.

அன்று செத்தவன் சபையைச் சேர்ந்த வண்டிக்காரன். மகள் நோயில் விழுந்ததும் திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போய் வந்தான். மகள் எழுந்து உட்கார்ந்தாள், அவன் விழுந்தான். இது தண்டனை, இவனுக்கு வேலிக்குள் இடமில்லை என்றார் சபை மூப்பர். "அம்மன்கிட்ட போனவன அம்மனே பொதைக்கட்டும்" என்று சிரிக்கவும் செய்தார். உபதேசியாரும் தலையாட்டியிருந்தார்.

வண்டிக்காரன் மனைவி அழவில்லை. "ஏங்க ஐயா, பொண்ணு பொழச்சிக்கினாளே, அது யாரு காப்பாத்துனது? நம்ப சாமிதான்னா, ஒரே வாரத்துல ஒரே ஊட்டுக்கு ரெண்டு மாதிரியா வந்தாரு?" என்று கேட்டாள். நான் வெளியே தோண்டினேன்.

நான்காம் நாள் உபதேசியாரின் மனைவி அதே நோயில் இறந்துபோனார். வேறு சாமியைக் கும்பிட்டறியாதவர். நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர். மூப்பர் வேலிக்குள் வேப்பமரத்தடியைக் காட்டினார். உபதேசியார் என்னிடம், "வண்டிக்காரன் பக்கத்துல தோண்டுப்பா" என்றார்.

"உள்ள எடம் கெடக்குதே ஐயா" என்றார் மூப்பர்.

"கெடக்கட்டும். அவனோடது தண்டனைன்னா இவளோடத என்னன்னு சொல்றது? நீங்க சொல்லுங்க."

நான் வண்டிக்காரன் பக்கத்தில் தோண்டினேன்.

பிறகு எத்தனையோ ஊர்களில் தேவாலயத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த இரண்டு பகுதிகளையும் கேட்டிருக்கிறேன். இப்போதும் கேட்கிறேன். இரண்டையும் பொருத்தி நல்ல விளக்கம் தருகிறார்கள். எனக்குத்தான் மனதில் நிற்பதில்லை.

மனைவியைப் புதைத்த அன்று உபதேசியார் எதையும் வாசிக்கவில்லை. வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சபையார் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். வண்டிக்காரன் மனைவி மட்டும் வெளியே வந்து, குனிந்து, முதல் பிடி மண்ணை அள்ளிப் போட்டாள்.