சுமைதாங்கிக் கல்லில் செய்த வாங்கு

பேய்க்கதை சொல்ல வருகிறவர்களை நான் வாசல் படலையோடேயே திருப்பி அனுப்புகிறவள். இன்றைக்கும் அப்படித்தான். எங்கள் ஐயா பள்ளிக்கூட வாத்தியார். யாராவது வந்து முனி அடித்துப்போட்டுது என்று அழுதால், "முனி அடிக்கேல்லை, வெயில் அடிச்சிருக்கு, மோரைக் குடிச்சிட்டுப் படு" என்று சொல்லி அனுப்புவார், நான் அவருடைய மகள். ஆகவே நான் சொல்லி முடித்ததும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் முகத்தைத் திருப்பாமலே சிரித்திருப்பேன்.

என்னை வேலணையிலிருந்து தீவுப்பகுதியில் இன்னொரு ஊருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். ஊரின் பெயர் வேண்டாம், அவருடைய சொந்தக்காரர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவர்களோடு வழக்குப் பேச எனக்குச் சக்தி இல்லை. மாப்பிள்ளை கிராமச்சங்கத்துச் சேர்மன். ஊர் முழுக்க அவரைச் சேர்மன் என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். முதல் மனைவி தவமணி, பாவம், நிறைமாதத்தில் வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனாள். அவளுக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு கண்ட அன்று சேர்மனின் கார் தேர்தலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரிந்தது, ஆள் அனுப்பியும் அவர் காரைத் திருப்பவில்லை. "பொம்பிளையளுக்கு இது என்ன புதினமே" என்றாராம். கார் வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்கு உயிரோடு ஆள் இல்லை. இதெல்லாம் எனக்குத் தாலி ஏறிய பிறகுதான் தெரியும்.

பக்கத்து ஊரில் புதிதாக ஒரு வாசிகசாலை திறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த சேர்மனுக்கு நித்திரை இல்லை, விடிந்ததும் "எங்கடை ஊருக்கு ஒரு பார்க் வேணும்" என்றார். மனிதர் பிறந்த நாளிலிருந்து ஒரு பூங்காவுக்குள் கால் வைத்தவர் அல்ல. நான் கொழும்பில் சித்தப்பா வீட்டில் நின்று படித்தவள், நாலு பூங்கா பார்த்தவள், ஆகவே பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் படத்தை நான் கீறினேன், கிராமச்சங்கக் கந்தோரில் அது சேர்மன் கீறிய படம் ஆகிவிட்டது. ஆகட்டும், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்குப் பிடித்திருந்த ஒரே விஷயம் அதுதான். தீவில் பூங்கா போடுவது கொழும்பில் போடுவது போல இல்லை. கடல் உப்போடு வருகிற சோளகக் காற்று இரும்பைத் தின்னும், அதனால் ஊஞ்சலுக்குச் சங்கிலி வேண்டாம், வள்ளத்துக்குக் கட்டுகிற கயிறு போதும் என்றேன். சறுக்கிக்குத் தகரம் அடித்தால் வெயிலில் பிள்ளைகளின் தொடை வெந்துபோகும், சீமெந்தில் கட்டி மினுக்குங்கள் என்றேன். கிணற்றில் சவர்த்தண்ணீர், அதைக் குடித்தும் நிற்கிற மரம் பூவரசுதான், ஆகவே பூவரசு. ஆடு புகாமல் சுற்றிவரக் கிளுவை வேலி. பிள்ளைகளைக் கொண்டுவருகிற தாய்மார் குந்தி இருக்க இரண்டு வாங்கும் கேட்டேன்.

அது சீமெந்துக்குப் பெர்மிற் எடுக்கிற காலம். கிடைத்ததெல்லாம் சறுக்கிக்கே முடிந்துவிட்டது, வாங்குக்கு ஒரு சிரங்கை கூட மிஞ்சவில்லை. ஒருநாள் பின்னேரம் மாட்டுவண்டிலில் உயரமான இரண்டு கால்கல்லும் நீளமான ஒரு பலகைக்கல்லும் வந்து இறங்கின. கால்களை ஆழமாகப் புதைத்து, பலகைக்கல்லை மேலே வைத்தபோது அருமையான கல்வாங்கு. மேற்பக்கம் பல பேருடைய கை பட்டுப் பட்டு மழமழவென்று இருந்தது. எங்கே எடுத்தது என்று கேட்டேன். "தெருக்கரையிலை சும்மா நிண்டது" என்றார் சேர்மன். நானும் நம்பினேன், எனக்கு அப்போது ஏழு மாதம், வயிற்றுப் பிள்ளை உதைக்கிற உதையில் வேறு எதையும் துருவிக் கேட்கிற மனநிலை இல்லை.

அடுத்த நாள் காலையில் நான் ஊஞ்சலடி மணலில் நெருஞ்சி முள் பொறுக்கிக்கொண்டு நிற்க, தலையில் விறகுக்கட்டோடு ஒரு மனுஷி உள்ளே வந்தார். நேரே போய் வாங்கில் கட்டை இறக்கினார், இறக்கிவிட்டுக் கல்லில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். தவமணியின் தாய் பறுவதம் என்று எனக்கு ஆளைத் தெரியும், கதைத்ததில்லை. என் புருஷனுடைய மாமியாரை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? மாமி என்றேன்.

"மாமி, பிள்ளையள் விளையாடுற இடம். விறகை வெளியிலை வையுங்கோவன்."

"இதிலை வைக்கத்தான் வந்தனான், பிள்ளை. இது என்ரை தவமணியின்ரை சுமைதாங்கி."

எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்தால், இறக்க முடியாத அந்தப் பாரத்தோடேயே அவள் அலைவாள் என்பார்கள். அவள் பேரில் தெருவோரம் ஒரு சுமைதாங்கி நாட்டுவார்கள். போகிற வருகிற சனம் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய பாரமும் கொஞ்சம் குறையுமாம். புருஷன் செய்யவேண்டிய காரியம். அவர் செய்யவில்லை, பறுவதம் மாமிதான் காதிலிருந்த தோட்டை விற்று நாட்டியிருக்கிறார், அன்றிலிருந்து நாள் தவறாமல் ஒரு கட்டு விறகையாவது கொண்டுபோய் அதில் இறக்கியிருக்கிறார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்மனைப் பிடித்துக் கேட்டேன், நல்லாகவே கேட்டேன், எனக்கு வாய் நீளம்.

"செத்த மனுசியின்ரை கல்லைக் கிளப்பிக்கொண்டு வர உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"செத்தவளுக்கு என்ன பாரம்? நீரும் படிச்சனீர், கிழவி மாதிரிக் கதையாதையும்."

"எனக்குப் பேய்க்குப் பயமில்லை. அந்தத் தாயின்ரை முகத்தைப் பார்க்கேலாமல் கிடக்கு."

"பார்க்கேலாட்டில் பாராதையும்" என்றவர் சோற்றுக் கோப்பையிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார். அடுத்த நாள் பூங்கா வாசலில் பலகை தொங்கியது. ஆடு மாடு கட்டக்கூடாது, சைக்கிள் ஓடக்கூடாது என்பதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தவை. கடைசி வரி அவருடையது: சுமைகளுடன் உள்ளே வரக்கூடாது.

இவ்வளவும் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த வாங்கில் ஒரு குஞ்சு குருமன் கூட இருக்கவில்லை. கள்ளுக் குடித்துவிட்டு வேலிக்குள் படுக்கிறவன் கூட அந்த வாங்கைச் சுற்றிப் போய் நிலத்தில்தான் படுப்பான். பறுவதம் மாமி தினமும் விறகோடு வாசல் வரைக்கும் வருவார், காவலுக்கு நின்றவன் விடமாட்டான், திரும்பிப் போவார். நானே அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "சேர்மன் என்ரை வேலையைப் பறிச்சுப்போடுவார் அக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

திறப்புவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தரைச் சேர்மன் கூப்பிட்டிருந்தார். தவில், நாதசுவரம், மாவிலைத் தோரணம், எல்லாம் அமர்க்களம். பிள்ளைகள் ஊஞ்சலிலும் சறுக்கியிலும் விழுந்தடித்து ஏறினார்கள், அதைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துபோனது. உத்தியோகத்தர் சுற்றிப் பார்த்துவிட்டு, "சனம் எல்லாம் கால் நோக நிக்குது, அந்த வாங்கிலை ஏன் ஒருத்தரும் இருக்கேல்லை?" என்று கேட்டார். பின்னுக்கு நின்ற ஒருவன், யாரென்று கடைசிவரைக்கும் தெரியவில்லை, "அது இருக்கிற வாங்கில்லை ஐயா, இறக்கிற வாங்கு" என்றான். சனம் கொல்லென்று சிரித்தது.

சேர்மனுக்குக் காது சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, "இஞ்சாலை வாரும். வந்து இதிலை இரும். ஊர் பார்க்கட்டும்" என்றார்.

நான் போனேன். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். நான்தான் எதையும் நம்பாதவள் ஆயிற்றே, அறப்படித்த பல்லி கூழ்ப்பானைக்குள் விழுந்த கதை. கல்லடிக்குப் போவதற்குள் காவல்காரனைத் தள்ளிக்கொண்டு பறுவதம் மாமி தலையில் கட்டோடு ஓடி வந்தார்.

"பொறு பிள்ளை, இருந்திடாதை! நான் முதல் இதை இறக்கிறன், பிறகு இரு. கன நாளாய் ஒருத்தரும் ஒண்டும் இறக்கேல்லை, அவள் தாங்கமாட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இதிலை சும்மா இருக்கக்கூடாது!"

அவர் கட்டை இறக்கினார். அது கல்லில் பட்டதோ இல்லையோ, சேர்மன் காலால் ஒரு தள்ளு, விறகு நாலு பக்கமும் சிதறியது. அதோடு விட்டாரா? பலகையைக் காட்டி, "வாசி" என்றார். மாமிக்கு எழுத்துத் தெரியாது, அது அவருக்கும் தெரியும். காவல்காரனைக் கூப்பிட்டு அந்தக் கடைசி வரியை உரக்க வாசிப்பித்தார். அவன் வாசித்தான், இரண்டாந்தரமும் வாசி என்றார். மாமி அவருடைய காலைக் கட்டிப்பிடித்தார்.

"தம்பி, உம்மடை பிள்ளையெல்லோ ராசா வயித்துக்கை கிடக்கு!"

"காலை விடு கிழவி. உன்ரை மோள் செத்தும் என்னைச் சீவிக்க விடமாட்டாள் போலை கிடக்கு."

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. உத்தியோகத்தர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நான் அந்த வாங்கில் குந்தி இருந்தேன்.

சேர்மன் பேசத் தொடங்கினார். இனித்தான் நீங்கள் நம்பாத இடம் வருகிறது, நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். நல்ல பின்னேர வெயில், ஊரே சுற்றி நிற்கிறது, இருட்டும் இல்லை ஒன்றும் இல்லை. கிணற்றிலிருந்து தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறபோது எதிரே வந்த ஒருத்தி "கொண்டாரும்" என்று குடத்தை வாங்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வலி இல்லை. பயம் கூட இல்லை. இடுப்பிலிருந்து ஒரு பாரம் மெல்ல விலகிப் போனது. என் இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் "அப்பாடி" என்று நீளமாக மூச்சு விட்டாள். திரும்பிப் பார்த்தேன், பூவரசங்கன்றுதான் நின்றது. எழும்பினேன், எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா, மாதக்கணக்கில் அப்படி ஒரு சுகம் இல்லை, கார் வரைக்கும் ஓடினேன் என்றே சொல்லலாம், வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலையில் மருத்துவிச்சி மிஸி வந்தா. வயிற்றில் மரக்குழலை வைத்துக் கேட்டா, இடம் மாற்றிக் கேட்டா, என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி கேட்டா. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இந்தமுறை கார் உடனே வந்தது. பிள்ளை செத்துவிட்டது என்று சொல்வார்கள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிடந்தேன். டொக்டர் பிள்ளையே இல்லை என்றார். இருந்ததற்கு அடையாளமும் இல்லையாம், ஆசை மிகுந்த பெண்களுக்கு இப்படிப் பொய்யாக வயிறு வைக்கிறது உண்டாம். வயிறு அடுத்த சில நாளில் வற்றிவிட்டது. மிஸி இதயத் துடிப்பைத் தன் காதாலே கேட்டதாகச் சத்தியம் பண்ணினா, பிறகு சேர்மன் போய் என்ன கதைத்தாரோ, சத்தியத்தையும் நிறுத்திவிட்டா. சேலையைச் சுற்றி வயிறு காட்டினவள் என்று ஊரில் என்னைப் பற்றிக் கதை கட்டினார்கள், கட்டியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னைப் பெட்டியோடு வேலணையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சேர்மன் காரை விட்டு இறங்காமலே போனார்.

சில மாதத்துக்குப் பிறகு பறுவதம் மாமி பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கதிரையில் இருக்காமல் நிலத்தில் குந்தி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தவமணி கனவிலை வாறவள், பிள்ளை. இவ்வளவு காலமும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டுதான் வருவாள். இப்ப கையிலை பிள்ளையோடை வாறாள். பெட்டைப்பிள்ளை. உம்மடை மூக்கு."

"எழும்பிப் போங்கோ மாமி."

"போறன். அவள் ஒண்டு கேட்டுக்கொண்டு வாணை அம்மா எண்டவள். பிள்ளைக்கு என்ன பேர் வைக்க நினைச்சிருந்தனீர் எண்டு."

நான் கத்தினேன். கையில் அகப்பட்ட செம்பைத் தூக்கி எறிந்தேன், ஐயா ஓடி வந்து என்னைப் பிடித்தார். மாமி படலையைத் திறந்துகொண்டு தெருவுக்கு இறங்கினார். அவர் ஒழுங்கை திரும்புகிற முடக்குக்குப் போவதற்குள் நான் பின்னாலே ஓடிப்போய்ப் பேரைச் சொன்னேன். புருஷனுக்கும் சொல்லாத பேர், ஐயாவுக்கும் சொல்லாத பேர். பிள்ளை பேரில்லாமல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

மாமி செத்துப்போனார். சேர்மன் இன்னொரு கலியாணமும் கட்டி நன்றாகத்தான் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. கதை அதோடு முடிந்தால் நன்றாக இருக்கும், ஆனால் முடியவில்லை. பொழுதுபடுகிற நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் தாய்மார் விளையாடப் போன பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். வேலணையில் அந்தப் பேரில் பிள்ளை இல்லை, வீடு வீடாக விசாரித்துவிட்டேன். அவள் கூப்பிடுவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். "ஓமம்மா, வாறன்" என்று பதில் வருகிறது. முதலில் மழலையாக இருந்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் குரல். நான் படலையில் நிற்பேன், சின்னக் கால் ஓடுகிற சத்தம் எனக்குக் கிட்டவாக வரும், என்னைத் தாண்டி அவளிடம் போய்விடும், இவ்வளவு காலத்தில் ஒருநாளாவது என்னருகில் நின்றதில்லை.