சப்பாத்திக்குப் பிறகு சோறு

அம்மாவிடமிருந்து எனக்கு வந்தவை மூன்று: மூக்கு, முன்கோபம், சர்க்கரை. முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு டெல்லியில் நன்றாகவே குடித்தனம் செய்துவந்தேன். மூன்றாவது எண்பதுகளின் தொடக்கத்தில், என் முப்பத்தெட்டாவது வயதில் எட்டிப் பார்த்தது.

அப்போது மோதி பாக்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் நீல மருந்தில் சிறுநீரை விட்டுக் கொதிக்கவைப்பார். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை, பிழைத்தோம். என்னுடையது செங்கல் நிறத்துக்குப் போனது. டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், ராத்திரி மூன்று சப்பாத்தி சாப்பிடச் சொன்னார். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் தினமும் ஊசி என்றார். அம்மா தொடையில் குத்திக்கொண்டு பல்லைக் கடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

விரதம் போல ஒரு ராத்திரி தவறாமல் மூன்று சப்பாத்தி சாப்பிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் செங்கல், முன்னைவிட அழுத்தமாக.

அன்று எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி துணைக்கு வந்திருந்தார். என் இந்தி காய்கறிக் கடை வரைக்கும்தான் செல்லும். என்ன சாப்பிடுகிறேன் என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். சப்பாத்தி, பருப்பு என்றேன். பிறகு? பிறகு ரசம் சோறு, தயிர்ச்சோறு.

டாக்டர் பேனாவை மூடினார், சப்பாத்தி சோற்றுக்குப் பதிலாக என்றார். எனக்குச் சுருக்கென்றது. சப்பாத்தி டிபன், சோறுதானே சாப்பாடு என்று என் அரைகுறை இந்தியில் சண்டைக்குப் போனேன். அறையே சிரித்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகவே தோன்றியதில்லை. அன்று ராத்திரிகூட என் கணவர், "ரெண்டு வாய் சோறு திங்காம எப்படி ஒறங்குவ?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

மறுநாளிலிருந்து மூன்றாவது சப்பாத்தி உள்ளே போகும் நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டினார். "சலோ, பெஹன்ஜி." வாங்க சகோதரி, நடக்கலாம் என்று அர்த்தம். சோற்றுப் பானையைத் திறக்கவே விடவில்லை. முதல் வாரம் முழுக்க அவரைத் தமிழில் திட்டிக்கொண்டே நடந்தேன். அவர் அச்சா, அச்சா என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு மாடிவீட்டு வங்காளி அம்மா சேர்ந்தார். பூங்காவை ஐந்து சுற்று. மூன்று பேருக்கும் மாமியார் இருந்ததால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அப்படிச் சிரித்து எத்தனையோ வருடமாகியிருந்தது. வீடு திரும்பிப் படுத்தால் சோறு இல்லாமலே தூக்கம் வந்தது.

என் அம்மாவுக்கும் இதே வியாதிதான். எங்கள் ஊர்த் தெருவில் ஒரு பெண் வேலை வெட்டி இல்லாமல் நாலு தடவை நடந்தால் நாலு விதமாகப் பேசுவார்கள். கூட நடக்கவும் அவளுக்கு ஆளில்லை. நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது மாதம் கம்பவுண்டர் குழாயைச் சூடாக்கும்போது எதிர்வீட்டுப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

எதிர்வீட்டுப் பெண்மணிதான் கைகூப்பி டாக்டரிடம் இந்தியில் கேட்டார்: "இவளுக்கு இனிமே ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு குடுங்க, டாக்டர் சாப். தினமும் அந்த ஏக்கத்தோடதான் என்கூட நடந்தா."

அந்த ஏக்கத்தை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. டாக்டர் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். நான் எதிர்வீட்டுப் பெண்மணியின் தோளில் சாய்ந்து, அத்தனை பேர் முன்னாலும் சந்தோஷமாக அழுதேன்.