பாய் விரித்த கணக்கு வகுப்பு

கடல் ஊருக்குள் வந்து போன மறுவருடம், பெரியகல்லாற்றுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான மாலை வகுப்பைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று பார்த்துவர அலுவலகம் என்னை அனுப்பியது. நான் போனபோது பிள்ளைகள் எல்லோரும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மெலிந்த, தலை நரைத்த டீச்சர் வெறுங்காலுடன் நின்று கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கிரீச்சிடாமல் இருக்கச் சோக்கட்டியைப் பாதியாக முறித்து வைத்திருந்தார்.

“வகுப்பு எப்ப டீச்சர் தொடங்கும்?” என்று கேட்டேன்.

“தொடங்கிற்று சேர். அகதி முகாமில ராவில கடல் இரையக்குள்ள ஒண்டும் கண் மூடாதுகள். நித்திரை இல்லாத பிள்ளைக்குப் பின்னம் எங்க ஏறப்போகுது?”

சற்று நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் காலில் தொட்டு எழுப்பினார். ஒரு சிறுமி பதறி எழுந்தாள்.

“டீச்சர், தண்ணி வந்திட்டா?”

“இல்ல மகள். கணக்குத்தான் வந்திருக்கு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிறுமி முதல் கணக்கைப் பிழையாகவும் இரண்டாவதைச் சரியாகவும் செய்தாள். வகுப்பு தொடர வேண்டும் என்றே அலுவலகத்தில் சொன்னேன்.

அன்று நான் புறப்படும்போது பாடசாலை அதிபர் வாசல்வரை வந்தார். டீச்சரும் அதே முகாமில்தான் இருக்கிறார் என்றார். அவர் எப்போது தூங்கினார் என்பது எனக்கு இன்றும் தெரியாது.