வெள்ளியங்கிரியின் உள்ளங்கை

விமானத்தில் உட்கார்ந்ததும் இடுப்பு வாரை மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டிப் பார்ப்பார் வெள்ளியங்கிரி. எதிர்ச் சீட்டுப் பையிலிருக்கும் படம் போட்ட அட்டையை எடுத்துக் கடைசி மடிப்புவரை விரித்துப் பார்ப்பார். விமானப் பணிப்பெண் நடைபாதையில் நின்று கைகாட்டத் தொடங்கியதும் கழுத்தை நீட்டிக்கொள்வார். புது மிஷினை ஓட்டிக் காட்டுகிறவனைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

திருப்பூர் ராயபுரத்தில் பிட்டரண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். பனியன் துணி பின்னும் வட்ட மிஷின்களுக்கு வைத்தியர். ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளில் ஒன்று முனை ஒடிந்தாலும், துணியில் கோடு விழுமுன் மிஷினை நிறுத்திவிடுவார். "பிட்டரண்ணனுக்குப் பாம்புக் காதுங்க" என்பது ஷெட்டில் பேச்சு. அவர் மறுத்ததில்லை. உண்மையில், முப்பது வருஷத்து இரைச்சல் அவருடைய வலது காதை முழுசாகவும் இடது காதை முக்காலாகவும் தின்றுவிட்டது. மிஷினைத் துடைப்பதுபோல இரும்பில் உள்ளங்கையை வைத்துத்தான் கோளாறை அறிவார். இது முதலாளி நாச்சிமுத்து ஒருவருக்குத்தான் தெரியும். பழைய மிஷின் வாங்கப் பம்பாய்க்கு இருவரும் சேர்ந்தே விமானம் ஏறுவார்கள். நாச்சிமுத்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வேண்டியதைக் காதோரம் சொல்லிவிடுவார்.

தொண்ணூற்று நாலில் நாச்சிமுத்து காலமானார். ஆறு மாதம் கழித்து, அதே இடப்பக்கச் சீட்டில் அவர் மகன் ஞானசம்பந்தம் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த கையோடு வாக்மேனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். பணிப்பெண் கைகாட்டும்போது வெள்ளியங்கிரி அவன் தோளைத் தட்டினார். அவன் ஒரு காதை மட்டும் திறந்து, "ஏனுங்கண்ணா, பத்துத் தடவ பாத்த படத்தையே பாக்கறீங்க" என்று சிரித்தான். காது விஷயம் தெரிந்தால் வீட்டோடு இருங்கள் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் அவருக்கு. அவரும் சிரித்துவைத்தார்.

பம்பாயில் தரை தெரியத் தொடங்கியபோது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அவருக்கு அது வெறும் கரகரப்பு. காது இருந்திருந்தாலும் அது இங்கிலீஷும் இந்தியும்தான். ஆனால் பணிப்பெண் ஓடிப்போய்த் தன் வாரை மாட்டிக்கொண்டதைப் பார்த்தார். முன்வரிசைப் பெண் குதிகால் செருப்பைக் கழற்றியதைப் பார்த்தார். அட்டையிலிருந்த படம்போலவே தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. சம்பந்தம் மட்டும் கண்மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஹெட்போனைப் பிடுங்கி, பிடரியில் கைவைத்து அவனை அமுக்கி, தானும் குனிந்தார்.

ஒரு பக்கச் சக்கரம் இறங்காத விமானம் ஓடுபாதையில் உரசி, சாய்ந்து நின்றது. புகை. ஏறிய வழிக்கே எல்லாரும் முண்டினார்கள்; சம்பந்தமும் அங்கேதான் பாய்ந்தான். அவன் காலரைப் பிடித்து இழுத்தார்.

"பின்னால மூணாவது சீட்டுல கதவு இருக்குது, வா கண்ணு."

ரப்பர்ச் சறுக்கில் இறங்கும்போது வேட்டி பாதியில் நின்றுவிட்டது. பிட்டரண்ணன் பட்டாபட்டி டிராயரோடு பம்பாய் மண்ணை மிதித்தார்.

புல்தரையில் மூச்சு வந்ததும் சம்பந்தம் அவர் இடது தோளைப் பற்றிக்கொண்டான். "அவங்க சொன்னது உங்களுக்கு எப்படிங்கண்ணா கேட்டுச்சு?"

பாம்புக் காது என்ற பேரை நிலைநிறுத்த அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வெள்ளியங்கிரி இல்லை என்று தலையசைத்தார்.

"கேக்கலீங்க தம்பி. காது போயிப் பல வருசமாச்சு. மிஷினக்கூட கை வெச்சுத்தான் பாக்கறேனுங்க. உங்கப்பாவுக்குத் தெரியும். நான் கண்ணுலதான் பாத்தேன்."

சம்பந்தம் அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ஊருக்கு அனுப்பிவிடுவான் என்றே அவர் முடிவுகட்டியிருந்தார்.

மறுநாள் கிடங்கில் தரகர் ஒரு மிஷினை ஓடவிட்டு, கேட்டுப் பார்க்கும்படி சைகை காட்டினார். சுற்றிலும் திருப்பூர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். சம்பந்தம் தரகரை நகர்த்திவிட்டு வெள்ளியங்கிரியின் இடப்பக்கம் வந்தான். குனிந்து காதோரம் சொன்னான்.

"கை வெச்சுப் பாருங்கண்ணா."

வெள்ளியங்கிரி உள்ளங்கையைப் புது வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, துடைக்கிற பாவனை ஏதுமில்லாமல், அத்தனை பேரும் பார்க்க, ஓடுகிற மிஷின்மேல் வைத்தார்.